மரியோ ஏன் இவ்வளவு வேகமா ஓடுதான்? குளச்சல்ல ஒரு எமுலேட்டர் கேஸு

கேஸு இதுதான். குளச்சல்ல எனக்க பெரியம்மா மவன் அண்ணன் ஒருத்தரு, வயசு நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு, கல்ஃப்ல ஒரு பாடு வருஷம் கெடந்து உழைச்சிட்டு இப்ப ஊரோட வந்துட்டாரு. கிறிஸ்மஸ் லீவுக்கு அக்கா தங்கச்சி பிள்ளேள் எல்லாம் வீட்டுக்கு வரும், அதுக்குள்ள ஹால்ல கெடக்கிற பழைய கம்ப்யூட்டர்ல சின்ன வயசுல வெளையாடின டிவி கேம் எல்லாத்தையும் போட்டுத் தான்னு கேட்டாரு. எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரை பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர், போட்டாச்சு, ஓடவும் செஞ்சுது. கொஞ்ச நேரம் வெளையாடிட்டு ஜாய்ஸ்டிக்கை கீழ வச்சாரு. "லே மக்கா, இது நாம வெளையாடின மரியோ இல்லலே. இவன் வேகமா ஓடுதான்."

பக்கத்துல நின்ன அவருக்க மவன், பிளஸ் டூ படிக்கான், விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்பாக்கு வயசாயிட்டு, அதான் எல்லாம் வேகமா தெரியுது"ன்னான். எமுலேட்டர் போட்டுக் குடுக்கிற ஆளுகள்ல பாதி பேரும் இதைத்தான் சொல்லுவாங்க, ரோமும் (கேசட்டுக்குள்ள உள்ள கேமை எடுத்த ஃபைல்) சரி எமுலேட்டரும் சரி, ஆளுதான் மாறியாச்சு, சின்ன வயசு ஞாபகத்தை நம்பக்கூடாதுன்னு. எனக்கு அப்படி தள்ளிவிடத் தோணல. காரணம், அண்ணன் ஞாயித்துக்கிழமை கோவில்ல பாட்டுக்குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறவரு. கொயர்ல ஒரு ஆளு கொஞ்சம் முந்திப் பாடினாலே திரும்பிப் பாக்கிற காது அது. அந்தக் காது பாட்டு வேகமா போவுதுன்னு சொன்னா அதை ஒரு அளவுன்னு வச்சு சோதிச்சுப் பாக்கணும், அவ்வளவுதான் எனக்க கட்சி.

அதனால அவரு சொன்ன குறை எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல அப்படியே எழுதிக்கிட்டேன், எதையும் கழிக்கல. மரியோவும் வேகம், பாட்டும் வேகம். பாட்டுக்க சத்தமே வேற, நம்ம பழைய டிவி கேம் பெட்டியில கூர்மையா கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும், இது உருண்டையா கேக்குது. காண்ட்ராங்கிற சுடுற கேமுல பட்டனை அமுத்திப் பிடிச்சா குண்டு நிக்காம போகும், இதில ஒண்ணுதான் போவுது. அதே காண்ட்ராவுல ஒவ்வொரு ஸ்டேஜுக்கு முன்னாலயும் ஒரு மேப்பு வரும், இதில காணல்ல. படம் ரொம்ப அகலம், ஓரத்துல வேற என்னமோ குப்பை மின்னுது. பின்ன வாத்து சுடுற துப்பாக்கி எங்க?

மெஷின பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, விண்டோஸ் 10, பிள்ளைக்கு பாலிடெக்னிக் படிக்க வாங்கினது. இந்த வேலைக்கு இது தாராளம். நாம டிவி கேம்னு சொன்னது பெரும்பாலும் நின்டெண்டோ 1983 ஜூலை 15-ம் தேதி ஜப்பான்ல இறக்கின ஃபேமிகாமுக்க காப்பிதான், அதுக்க பிராசஸர் ஓடுறது 1.79 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2 கேபி. சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழு கேமும் 40 கேபிக்குள்ள அடங்கிரும். பிளேஸ்டேஷன் 2-ம் வேணும்னு ஒரு ஆசை சொன்னாரு, அதுக்கு இந்த மெஷின் ஆகாதுன்னு அப்பவே சொல்லிட்டேன், இப்ப வர்ற பிசிஎஸ்எக்ஸ்2-ங்கிற பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு இதைவிட நல்ல கிராபிக்ஸ் வேணும், இந்த ஐ3-க்குள்ள இருக்கிறது அந்த அளவுக்கு வராது. எமுலேட்டரா நான் போட்டது மெசன். ஃபேமிகாமுக்கு இருக்கிறதுல துல்லியமான எமுலேட்டர்கள்ல அது ஒண்ணு. அந்தத் துல்லியந்தான் இந்த கேஸுக்கே காரணம்னு பின்னால தெரியும்.

அடுத்தது பழைய பெட்டி. பெரியப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்தது, மச்சுல பழைய டிரங்குப் பெட்டிக்குள்ள துணி சுத்தி இருந்துது. கடக்கரை வீடுல்லா, உப்புக்காத்து எதையும் விட்டு வைக்காது, கேசட்டுக்க பின்னு எல்லாம் பச்சை பிடிச்சு கறுத்துக் கெடந்துது. பென்சில் ரப்பர் வச்சு பைய தேச்சு, பின்ன ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சால துடைச்சேன். நம்ம காலத்துல கேசட் வேலை செய்யலேன்னா வாயால ஊதுவோம்லா, அது பின்னுக்கு நல்லதில்ல, எச்சில் ஈரம் பட்டு இன்னும்தான் துருப்பிடிக்கும், உருவித் திருப்பி மாட்டினதாலதான் அப்பவும் வேலை செஞ்சிருக்கும். பழைய அடாப்டரை நேரா குத்தல. முதல்ல மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜும் பிளஸ் மைனஸும் பாத்தேன், இந்த மாதிரி பெட்டியில பாதிக்கு நடு பின்னு மைனஸா இருக்கும், கையில கிட்டுன வேற அடாப்டரை குத்தினா பெட்டி போச்சு. மூடியை கழத்திப் பாத்தா பெரிய சிப்பு ஒண்ணும் இல்ல, போர்டு நடுவுல கறுப்பா ஒரு எப்பாக்சி உருண்டை, மொத்த ஃபேமிகாமும் அதுக்குள்ள இருக்கு. பக்கத்துல வோல்டேஜை 5-ல நிறுத்துற ஒரு 7805 ரெகுலேட்டர். அவ்வளவுதான் மெஷினே.

இப்ப உள்ள எல்ஈடி டிவியிலயும் பின்பக்கம் ஆன்டெனா ஓட்டை இருக்கும், பழைய அனலாக் சேனல் தேடுற வசதியும் பெரும்பாலும் இருக்கும். மேனுவலா தேடிப் பாத்தா இரைச்சலோட படம் வந்துது. வீட்ல எல்லாரும் கூடிட்டாங்க, பெரியம்மா கூட அடுக்களையில இருந்து வந்து எட்டிப் பாத்துட்டு "சவம் இன்னும் சாவல்லியா"ன்னு சொல்லிட்டு போனாங்க.

சோதனை ரொம்ப லேசு. மரியோவுல முதல் ஸ்டேஜ் தொடங்கும்போ மேல டைம் 400-ன்னு இருக்கும். ஆரம்பிச்ச எடத்துலயே அசையாம நின்னா ஒண்ணும் வந்து கடிக்காது, ஸ்கிரீன் நகந்தாத்தான் எதிரி வருவான். 400-ல இருந்து 300 வரைக்கும் எவ்வளவு நேரம் ஆவுதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பாக்கணும். போனை மவன் கையிலதான் குடுத்தேன், பின்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா. எமுலேட்டர்ல 40 செகண்டு. பழைய பெட்டியில 48 செகண்டு. அவன் நம்பாம மறுபடி மறுபடி பாத்தான், கை தட்டுப்படுற அளவுக்கு முன்னப்பின்ன வந்துதே தவிர மாறல. அப்பன் சொன்னது சரி. எமுலேட்டர்ல மரியோ வேகமாத்தான் ஓடுதான், சரியாச் சொன்னா பழைய பெட்டியில அவன் மெதுவா ஓடியிருக்கான்.

காரணம் டிவிதான். அந்தக் காலத்து கேமுக்குள்ள தனியா கடிகாரம்னு ஒண்ணு கிடையாது, டிவிக்கு ஒரு முழுப் படம் வரைஞ்சு முடிச்சதும் பிராசஸருக்கு ஒரு சிக்னல் போகும், கேம் அதைத்தான் எண்ணிக்கிட்டு கெடக்கும். மரியோவுல 24 படத்துக்கு ஒருக்கா டைம் ஒண்ணு குறையும். ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் என்டிஎஸ்சி டிவி, செகண்டுக்கு 60 படம், அப்ப ஒண்ணு குறைய 0.4 செகண்டு, நூறு குறைய 40. நம்ம நாட்டுலயும் கல்ஃப்லயும் பால் டிவி, செகண்டுக்கு 50 படம், அதே நூறுக்கு 48. கேசட்டுக்குள்ள இருந்தது 60-க்குன்னு எழுதின ஜப்பான் புரோகிராம், அதை மாத்தாம கொண்டு போய் 50-ல ஓட்டியிருக்கான். ஆக நாம சின்ன வயசுல வெளையாடின மொத்தமும் ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல. குழிக்கு மேல சாடுறது, ஆமை மேல ஏறுறது எல்லாம் அந்த வேகத்துக்குத்தான் கைக்குப் பழகியிருக்கு. அண்ணன் புதுசுல ரெண்டாவது குழியிலயே விழுந்து விழுந்து செத்ததுக்கு வயசு காரணமில்ல, வெரலு 50-க்குப் பழகினது.

அப்ப எமுலேட்டர்ல பால்னு மாத்தினா முடிஞ்சுதேன்னு தோணும், நெட்டுல தேடினாலும் அதைத்தான் சொல்லுவாங்க. மாத்திப் பாத்தோம். வேகம் சரியா வந்துட்டு, 48 செகண்டு டாண்ணு நின்னுது. ஆனா பாட்டு தொடங்கினதும் அண்ணன் மொகத்தைச் சுளிச்சாரு. "மக்கா, தாளம் சரி. ஸ்கேல் எறங்கிப் போச்சே." உள்ள போய் கீபோர்டை எடுத்துட்டு வந்து சோபாவுல வச்சு வாசிச்சுக் காட்டினாரு. பழைய பெட்டியில மரியோ பாட்டு சி மேஜர்ல நிக்குது. இதில பி-க்கும் கொஞ்சம் கீழ கெடக்கு.

இந்த எடத்துலதான் எனக்கு கேஸு பிடிச்சுப் போச்சு. நின்டெண்டோ ஐரோப்பாவுக்குன்னு செஞ்ச அசல் பால் மெஷின்ல பிராசஸர் வேகத்தையே குறைச்சு 1.66 மெகாஹெர்ட்ஸ்னு வச்சிருந்தான். சத்தம் வர்றதும் அதே பிராசஸருக்குள்ள இருந்துதான், அதனால ஜப்பான் கேசட்டை அதில போட்டா தாளமும் எறங்கும், சுதியும் அரை ஸ்வரத்துக்கு மேல எறங்கும். ஆனா தைவான்ல யுஎம்சி மாதிரி கம்பெனிக்காரங்க காப்பி மெஷினுக்கு சிப்பு செஞ்சப்போ வேற வழியில போனாங்க. பிராசஸரை 1.77-ல வச்சுக்கிட்டாங்க, அசல் ஜப்பான் வேகத்துக்கு ஒரு சதவீதம்தான் குறைவு, படத்தை மட்டும் 50 ஆக்கினாங்க. கீபோர்டுல டெம்போ பட்டன் வேற, டிரான்ஸ்போஸ் பட்டன் வேறல்லா? அசல் பால் மெஷின் ரெண்டையும் சேத்து எறக்கிச்சு, காப்பி மெஷின் டெம்போவை மட்டும் எறக்கிச்சு. ஜப்பான் கேசட்டை பால் டிவியில ஓட்டுற வேலைக்கு காப்பி அடிச்சவன் செஞ்சதுதான் பொருத்தம்னு தான் எனக்குப் படுது.

இந்தக் காப்பி மெஷின்கள்ல உலகத்துல பேர் எடுத்தது ரஷ்யாவுல 1992-ல இருந்து வித்த டென்டி. அதனால எமுலேட்டர் எழுதுறவங்க இந்த வகைக்கே டென்டின்னு பேரு வச்சுட்டாங்க. மெசன்ல ரீஜன்ங்கிற எடத்துல ஆட்டோ, என்டிஎஸ்சி, பால் கூட டென்டின்னு ஒண்ணும் இருக்கும், எஃப்சிஇயுஎக்ஸ்ங்கிற இன்னொரு எமுலேட்டர்லயும் இருக்கு. நம்ம ஊர் ஆளுகள்ல ஒருத்தரும் அதைத் தொடமாட்டாங்க, ரஷ்யாக்காரன் சமாச்சாரம் நமக்கு எதுக்குன்னு. தொட்டுப் பாருங்க. டென்டி போட்டதும் டைம் 48 செகண்டுலயே நின்னுது, பாட்டு சி மேஜருக்கு ஏறிட்டு. கீபோர்டுல கூட வாசிச்சே பாத்துட்டாரு மனுசன்.

வேகமும் சுதியும் தீந்துது, சத்தம் உருண்டையா கேக்குதுன்னு சொன்னது பாக்கி. இதுக்கும் விஷயம் இருக்கு. ஃபேமிகாம்ல பாட்டு வாசிக்கிறது முக்கியமா ரெண்டு சதுர அலை சேனல், அந்த அலை எவ்வளவு நேரம் மேல நிக்கணும்ங்கிறதை 12.5, 25, 50, 75 சதவீதம்னு கேம் சொல்லும், இதுக்கு டியூட்டி சைக்கிள்னு பேரு. 50-ல உருண்டையா உள்ள குடைஞ்ச மாதிரி கேக்கும், 25-ல மெலிஞ்சு கூர்மையா கேக்கும். காப்பி சிப்பு நெறையத்துல இந்த 25-ம் 50-ம் எடம் மாறிக் கெடக்கு. மரியோவுக்க முதல் ஸ்டேஜ் பாட்டு கேக்குறது 50, நமக்கு கிட்டினது 25. அப்ப அண்ணன் சொன்ன கீச்சு கற்பனை இல்ல. மெசன்ல சத்தத்துக்கான செட்டிங்ல டியூட்டி சைக்கிளை எடம் மாத்துறதுக்குன்னே ஒரு டிக்கு உண்டு, பழைய காப்பி மெஷின் மாதிரி கேக்கணும்னா போடுன்னு அதிலயே எழுதியிருக்கும். போட்டோம். பழைய பெட்டியையும் கம்ப்யூட்டரையும் மாத்தி மாத்தி கேட்டாரு, "ஆங், இதுதாம்லே"ன்னாரு. எல்லா பெட்டியும் இப்படி இருக்காது, உங்க வீட்டுப் பெட்டி உயிரோட இருந்தா ஒத்துப் பாத்துட்டு போடுங்க, இல்லேன்னா தெரிஞ்ச காதைக் கூப்பிட்டு கேக்க வைங்க.

காண்ட்ராவுல குண்டு நிக்காம போகாதது ஒண்ணும் பெரிய மர்மம் இல்ல. நம்ம ஜாய்ஸ்டிக்குல ஏ, பி பட்டனுக்கு மேல இன்னும் ரெண்டு பட்டன் இருக்கும்லா, அது டர்போ. அசல் ஃபேமிகாமுக்கு கூட வந்த ஜாய்ஸ்டிக்குல அது கிடையாது, காப்பிக்காரன் சேத்தது. நாம எல்லாரும் சின்ன வயசுல அந்த மேல் பட்டன்லயே வெரலை வச்சு வெளையாடினதால அது கேமுக்க குணம்னு நெனச்சுக்கிட்டோம். எமுலேட்டர்ல பட்டன் குறிக்கிற எடத்துல டர்போ ஏ, டர்போ பி-ன்னு தனியா இருக்கு, யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்குல மீதி ரெண்டு பட்டனை அதுக்கு விட்டாச்சு.

ஜாய்ஸ்டிக் பேச்சு வந்ததால இன்னொண்ணு. காசு எதுக்குன்னு முதல்ல ரெண்டு பேரும் ஒரே கீபோர்டுல, பாட்டு கீபோர்டு இல்ல, டைப் அடிக்கிற கீபோர்டுல வெளையாடப் பாத்தாங்க. அப்பன் ஓடிக்கிட்டே சுடும்போ மவனால சாட முடியல, ரெண்டு பேருக்கும் சண்டை. விலை குறைஞ்ச கீபோர்டுல ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி வயர் கிடையாது, வரிசையும் நெரையுமா கட்டம் போட்டு வச்சிருப்பான், சில மூணு பட்டனை ஒண்ணா அமுத்தினா எது எதுன்னு அதுக்கு தெரியாம ஒண்ணை விட்டுரும். சாஃப்ட்வேர்ல இதை ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்குங்க, சண்டை தீரும்.

காண்ட்ரா மேப்புலதான் மவன் கடைசியா பிடிச்சு நின்னான். அவன் யூடியூப்ல முழு கேமும் பாத்திருக்கான், மேப்பு எங்கயும் வரல்லன்னு அடிச்சுச் சொன்னான். அவன் பாத்தது அமெரிக்கா காண்ட்ரா, எமுலேட்டர்ல முதல்ல ஓடினதும் அதேதான். 1988-ல ஃபேமிகாமுக்கு வந்த ஜப்பான் காண்ட்ரா வேற, கோனாமி அதுக்கு விஆர்சி2-ன்னு சொந்தமா ஒரு சிப்பை கேசட்டுக்குள்ளயே வச்சு செஞ்சான், அதில ஸ்டேஜுக்கு முன்னால மேப்பு வரும், நடுவுல கதைப் படம் வரும், முதல் ஸ்டேஜுல மர ஓலை ஆடும், பனி ஸ்டேஜுல பனி பறக்கும். அமெரிக்காவுக்கு அனுப்பினப்போ அந்த சிப்பை எடுத்துட்டு சாதா கேசட்டுல போட்டதால இதெல்லாம் போச்சு. துபாய்ல வித்த காப்பி கேசட்டு ஜப்பான் வகையில இருந்து எடுத்தது. பழைய பெட்டியில போட்டுக் காட்டினோம், மேப்பு வந்துது, ஓலையும் ஆடிச்சு. மவன் அதுக்கப்பறம் அப்பாவை சந்தேகப்படுறதை நிறுத்திட்டு வேற என்ன எல்லாம் இருந்துச்சுன்னு கேக்கத் தொடங்கினான்.

படத்துக்கு வருவோம். கேம் வரையிறது 256-க்கு 240 புள்ளி. புது மானிட்டர்ல ஸ்கிரீன் முழுக்க இழுத்து வச்சா மரியோ தடிச்சுத்தான் போவான். சரி எந்த அகலம் சரி? என்டிஎஸ்சில ஒரு புள்ளிக்க அகலம் உயரத்துக்கு 8-க்கு 7, பால்ல 11-க்கு 8, இன்னும் அகலம். பால் டிவியில கோடு கூடுதல், 240 கோட்டுப் படம் முழுசா நிறையாது, மேலயும் கீழயும் கறுப்பு பட்டை வரும். அப்படிப் பாத்தா அண்ணனுக்க பெட்டியிலயும் மரியோ கொஞ்சம் தடியன்தான், அமெரிக்காக்காரன் பாத்த மரியோவைவிட. பால் அளவு போட்டதும் இதுதான்னு ஒத்துக்கிட்டாரு, கறுப்பு பட்டை உட்பட. ஓரத்துல மின்னுன குப்பை மரியோ 3-ல வர்றது, அது எமுலேட்டர் குறை இல்ல, ஸ்கிரீன் பக்கவாட்டுல நகரும்போ வலது ஓரத்துல நெறம் மாறுறது கேமுலயே உள்ளது. பழைய குண்டு டிவியில ஓரம் சட்டத்துக்குப் பின்னால மறைஞ்சிரும், செஞ்சவனும் அதை நம்பித்தான் விட்டிருக்கான். ஓரத்தை வெட்டுற ஓவர்ஸ்கேன் செட்டிங்ல ரெண்டு பக்கமும் 8 புள்ளி வெட்டினேன்.

துப்பாக்கி மட்டும் தோல்வி. பழைய துப்பாக்கியை பழைய பெட்டியில குத்தி எல்ஈடி டிவியை பாத்து சுட்டா ஒரு வாத்தும் விழாது. விசையை இழுத்ததும் கேம் ஸ்கிரீனை ஒரு நொடித்துண்டு கறுப்பாக்கி வாத்து இருக்கிற எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும், துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அப்பவே பிடிக்கணும். குண்டு டிவியில அந்தக் கணமே வரும், எல்ஈடி டிவி படத்தை வாங்கி வச்சு பொறுத்துத்தான் காட்டும், வெளிச்சமும் குண்டு டிவி மாதிரி துடிக்காது. கம்ப்யூட்டர்ல மவுஸ்தான் துப்பாக்கி. அண்ணனுக்கு அது பிடிக்கல, பிள்ளேளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.

டென்டி போட்டதால புதுசா ஒரு தொல்லை வந்துது, இதை யாரும் முன்கூட்டி சொல்லமாட்டாங்க. கேம் 50, மானிட்டர் 60. அஞ்சு படத்துக்கு ஒருக்கா ஒரு படத்தை ரெண்டு தடவை காட்ட வேண்டி வரும், மரியோ ஓடும்போ பின்னால உள்ள மலையும் மேகமும் இழுத்து இழுத்துப் போவும். பழைய மானிட்டரை 75-க்கு மாத்திப் பாத்தாலும் ஒண்ணு ரெண்டு ஒண்ணு ரெண்டுன்னு தட்டும். தீர்வு டிவியிலதான் இருக்கு. நம்ம நாட்டுல விக்கிற டிவி 50 ஹெர்ட்ஸை எடுத்துக்கும். கம்ப்யூட்டரை ஹெச்டிஎம்ஐ வயர்ல டிவிக்கு இழுத்து, விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ல ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஆக்கி, எமுலேட்டர்ல விசிங்க் (படத்தை டிவி வேகத்தோட ஒத்துப் போக வைக்கிறது) போட்டதும் வழுக்கிட்டு ஓடிச்சு. டிவியில கேம் மோடும் கட்டாயம் போடுங்க, இல்லேன்னா டிவி படத்தை மினுக்கிட்டு இருக்கும்போ உங்க மரியோ குழிக்குள்ள போயிருப்பான். அதுக்கு மேலயும் பட்டன் அமுத்தினதுக்கும் சாட்டத்துக்கும் நடுவுல கொஞ்சம் தாமசம் இருக்கு, அதைக் குறைக்க ரன் அஹெட்னு ஒரு வசதி மெசன்லயும் ரெட்ரோஆர்ச்ங்கிற இன்னொரு எமுலேட்டர் சாஃப்ட்வேர்லயும் உண்டு, ஒரு ஃபிரேம் வச்சேன், போதும். கூட வச்சா சத்தம் வெட்டுப்படுது இந்த மெஷின்ல.

ரோம் எங்க கிட்டும்னு கேக்கப் போறீங்க. எமுலேட்டர் வச்சிருக்கிறது தப்பில்ல, அமெரிக்காவுல பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செஞ்ச கனெக்டிக்ஸ் கம்பெனி மேல சோனி போட்ட கேஸுல 2000-லயே கோர்ட்டு எமுலேட்டர்காரன் பக்கம் நின்னுது. ரோம் வேற சமாச்சாரம், அது இன்னும் கம்பெனிக்காரன் சொத்து. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 52-வது பிரிவு, முறையா வாங்கி வச்சிருக்கிற புரோகிராமுக்கு பாதுகாப்புக்கு காப்பி எடுத்துக்கலாம்னு சொல்லுது. ஆனா நம்ம கேசட்டே கள்ளக் கேசட்டுல்லா, அதில இருந்து எடுத்த காப்பி மட்டும் எப்படி நல்லதாகும்? நான் யாருக்கும் ரோம் குடுக்கிறதில்ல. இந்த கேஸுல கடைசியில அண்ணன் வீட்டு கேசட்டையே ஆர்டுயினோ மெகாங்கிற சின்ன கண்ட்ரோல் போர்டு வச்சுக் கட்டின ஒரு கேசட் ரீடர்ல படிச்சு எடுத்தோம், அந்த டிசைன் நெட்டுல இலவசமாவே இருக்கு, கொஞ்சம் சால்டரிங் தெரிஞ்சா போதும். ஒத்தைக் கேம் கேசட்டு சுளுவா வந்துட்டு. 9999 கேம்னு மேல எழுதின கேசட்டு வரல்ல, உள்ள இருக்கிறது கொஞ்சம் கேம்தான், அதையே ஸ்டேஜ் மாத்தி மாத்தி பட்டியல் போட்டிருக்கான், ஆனா எந்த மாதிரி போர்டுல கட்டியிருக்கான்னு தெரிஞ்சாத்தான் முழுசா படிக்க முடியும், அவனவன் இஷ்டத்துக்கு கட்டியிருக்கான். அதை பழைய பெட்டியிலயே வெளையாடட்டும்.

பிள்ளேளுக்கு ரொம்ப பிடிச்சது கேமை விட சேவ் ஸ்டேட்தான். நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, ரெண்டு மழைக்கும் கரண்டு போவும், அந்தக் காலத்துல எட்டாவது உலகத்துல நிக்கும்போ கரண்டு போனா மரியோ மறுபடி ஒண்ணுல இருந்து. இப்ப ஒரு பட்டன்ல நின்ன எடத்துலயே நிறுத்தி வைக்கலாம். ஆட்டோ சேவை கொஞ்ச நிமிஷத்துக்கு ஒருக்கான்னு போட்டு வைங்க, யுபிஎஸ் இல்லாத வீட்ல இது ரொம்ப முக்கியம். எமுலேட்டரை அப்டேட் பண்ணினா பழைய சேவ் ஸ்டேட் சில நேரம் திறக்காது, அதனால பாதியில கெடக்கிற கேமை முடிச்சிட்டு அப்டேட் பண்ணுங்க.

இப்ப நெலமை இப்படி. டெஸ்க்டாப்புல மெசன் ஃபோல்டர் ரெண்டு, செட்டிங் தனித்தனி. ஒண்ணு அண்ணனுக்கு, டென்டி, டியூட்டி மாத்தினது, பால் அளவு, டர்போ. இன்னொண்ணு மவனுக்கு, என்டிஎஸ்சி, எல்லாம் அசல் ஜப்பான் படி, அவனுக்கு 50-ல வெளையாடினா தூக்கம் வருதாம். தீராம கெடக்கிறது ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர் ஓடும்போ யாராவது டிவியை முதல்ல அணைச்சிட்டா, மறுபடி போடும்போ விண்டோஸ் தானா 60-க்குத் தாவிருது, அண்ணன் அதை செட்டிங் பாக்காமலே மேகம் நகர்றதை வச்சு கண்டுபிடிச்சு எனக்கு போன் பண்ணுதாரு. ரெஃப்ரெஷ் ரேட்டை மாத்துற சின்ன புரோகிராம் ஒண்ணை அவருக்க ஐகானோடயே சேத்து ஓட வைக்கப் பாக்கணும், அடுத்த தடவை குளச்சல் போவும்போ.